பிறந்த பிள்ளை அழும்போது வாய் கோணுகிறதா? முதல் நாளிலிருந்து செய்ய வேண்டியவை, வரிசைப்படி

பிள்ளை அழும்போது வாய் ஒரு பக்கமாக இழுபடும், ஒரு கண் மட்டும் மூடாது. முகத்தை அசைக்கும் நரம்பு ஒரு பக்கம் வேலை செய்யாதபோது இப்படித்தான் இருக்கும். முகநரம்பு வாதம் என்று வைத்தியசாலையில் சொல்வார்கள். குடும்பநல உத்தியோகத்தராக வீடுகளுக்குப் போகும்போது நான் திரும்பத் திரும்பக் காண்பது ஒன்றுதான்: வீட்டில் எல்லாருடைய கவனமும் வாயில் இருக்கும், பிள்ளையின் கண் ஒரு பக்கம் திறந்தபடியே காய்ந்துகொண்டிருக்கும்.

பிறப்பின்போது நசிந்த முகநரம்பு பெரும்பாலும் தானாகவே மீளும். இப்படியானவற்றில் பத்துக்கு ஒன்பது, மருந்தோ அறுவைச் சிகிச்சையோ இல்லாமலே சரியாகிவிடுகின்றன. காய்ந்து புண்ணான கருவிழி அப்படி மீளுமென்று நம்பியிருக்க முடியாது, தழும்பு விழுந்தால் பார்வை போகும். ஆகவே வரிசை இதுதான்: எந்தப் பக்கம் என்று பார்ப்பது, அவசரமா என்று பார்ப்பது, கண், பால், அதற்குப் பிறகுதான் வாய்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கிளினிக் கொப்பி, பிள்ளையின் வளர்ச்சிப் பதிவுப் புத்தகம், வைத்தியசாலையில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தந்த அட்டை, வீடியோ எடுக்கக்கூடிய போன், சுத்தமான பஞ்சு, வைத்தியர் எழுதித் தந்த கண்மருந்து. இவற்றை ஒரு பையில் போட்டுப் பிள்ளையின் கட்டிலடியில் வையுங்கள். இரவில் அவசரமாகப் போக நேர்ந்தால் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது.

1. பலவீனமான பக்கம் எது என்று உறுதிசெய்யுங்கள்

அதிகம் பேர் தடக்குப்படுவது இங்கேதான். அழும்போது வாய் எந்தப் பக்கம் இழுபடுகிறதோ அந்தப் பக்கம்தான் கெட்டது என்று அம்மம்மாவும் சொல்வார், அப்பாவும் சொல்வார். உண்மையில் இழுபடும் பக்கம் நல்ல பக்கம். அசையாமல் மழமழவென்று இருக்கும் பக்கம்தான் பலவீனமானது. பக்கம் மாறிப்போனால் கண்மருந்தும் நல்ல கண்ணுக்குள் போகும். காக்க வேண்டிய கண் சும்மா கிடக்கும்.

மூன்று நேரத்தில் பாருங்கள். தூங்கும்போது: இமைகளுக்கு நடுவே வெள்ளை தெரிகிறதா, எவ்வளவு தெரிகிறது? விழித்து அமைதியாகக் கிடக்கும்போது: மூக்கோரத்திலிருந்து வாய்க்கோடி வரை போகும் மடிப்பு இரண்டு பக்கமும் இருக்கிறதா? அழும்போது: நெற்றி சுருங்குகிறதா, கண் இறுக மூடுகிறதா, வாய்க்கோடி கீழே போகிறதா?

அழும்போது இருபது விநாடி வீடியோ எடுத்து வையுங்கள். முகத்துக்கு நேரே வெளிச்சம் இருக்க வேண்டும், தலை ஒரு பக்கம் சாயக் கூடாது. பெரிய டொக்டர் வாட்டுக்கு வரும் நேரம் பிள்ளை பால் குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கும். தூங்கும் முகத்தில் பாதி அறிகுறி தெரியாது.

கண் இரண்டும் இறுக மூடி, நெற்றியும் சுருங்கி, அழும்போது கீழுதட்டின் ஒரு கோடி மட்டும் இறங்காமல் நின்றால், அது பெரும்பாலும் நரம்பு நசிந்ததால் வந்ததல்ல. உதட்டைக் கீழே இழுக்கும் சிறு தசை ஒரு பக்கம் சரியாக உருவாகாமல் இருப்பதால் வரும். கண்ணுக்கு ஆபத்தில்லை, பால் குடிக்கவும் தடையில்லை. ஆனால் இப்படிப் பிறக்கும் பிள்ளைகள் சிலருக்கு இருதயத்திலும் குறை இருப்பதுண்டு. அதனால் இருதயத்தை ஸ்கான் செய்து பார்க்க வேண்டுமா என்று வைத்தியரிடம் கட்டாயம் கேளுங்கள்.

வயிற்றுக்குள் தலை ஒரு பக்கம் அமுங்கிக் கிடந்ததால் தாடை சாய்ந்து தெரிவதும் உண்டு. இதிலும் கண் வடிவாக மூடும், முகம் நன்றாக அசையும்.

2. இவை இருந்தால் மற்றதெல்லாம் அப்புறம், முதலில் வைத்தியசாலை

- பிள்ளை எழுப்ப எழுப்பச் சோர்ந்து கிடப்பது, வலிப்பு, பால் குடிக்க மறுப்பது.
- முகத்தோடு சேர்ந்து கையோ காலோ அசையாமல் இருப்பது.
- நெற்றியும் கண்ணும் இரண்டு பக்கமும் நன்றாக அசைந்து, முகத்தின் கீழ்ப்பாதி மட்டும் ஒரு பக்கம் தளர்ந்திருப்பது. இது மூளையிலிருந்து வரும் கோளாறாக இருக்கலாம்.
- காய்ச்சல், காதுக்குள்ளிருந்து சீழ், காதுக்குப் பின்னால் வீக்கம்.
- பிறந்தபோது முகம் சரியாக இருந்து, வீட்டுக்கு வந்த பிறகு கோணியது.

கடைசியாகச் சொன்னதை ஆட்கள் இலேசாக எடுத்துவிடுகிறார்கள். பிறப்பின்போது நசிந்த நரம்பு பிறந்த உடனேயோ முதல் ஓரிரு நாளிலோ தெரிந்துவிடும். அதற்குப் பிறகு புதிதாக வந்தால் காரணம் வேறு. அதைத் தேடிப் பிடிக்க வேண்டும், கிளினிக் நாள் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

வாகனம் இல்லையென்றால் 1990ஐ அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். யாழ்ப்பாண மாவட்டத்தில் பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளில் எது கிட்டவோ அங்கே போகலாம். தேவைப்பட்டால் அங்கிருந்தே யாழ். போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். நெடுந்தீவில் இருப்பவர்கள் படகு நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அன்றைக்கே உள்ளூர் வைத்தியசாலையில் காட்டுங்கள், காலைப் படகு வரை வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

3. வாட்டை விட்டு வரும் முன் கேட்க வேண்டியவை

சுகப் பிரசவமென்றால் ஓரிரு நாளில் துண்டு வெட்டிவிடுவார்கள். வீட்டுக்கு வந்த பிறகு கேள்வி நினைவுக்கு வந்து பயனில்லை. ஒரு தாளில் எழுதி வைத்துக் கேளுங்கள்.

முதலாவது, பிறப்பு எப்படி நடந்தது என்பது அட்டையில் எழுதப்பட்டிருக்கிறதா? பிள்ளையின் நிறை, வலி எவ்வளவு நேரம் நீண்டது, ஆயுதம் (தலையைப் பிடித்து இழுக்கும் இடுக்கி) போட்டார்களா, முகத்திலோ காதருகிலோ காயம் இருந்ததா என்பவை பிறகு பார்க்கும் வைத்தியருக்கு வேண்டும். முகநரம்பு காதுக்குக் கீழே மண்டையோட்டிலிருந்து வெளியே வருகிறது. பெரியவர்களுக்கு அந்த இடத்தில் காதின் பின் எலும்பு புடைத்து நின்று நரம்பை மறைக்கும். பிறந்த பிள்ளைக்கு அந்த எலும்பு இன்னும் வளரவில்லை, நரம்பு தோலுக்குக் கிட்டவே கிடக்கிறது. ஆயுதத்தின் அலகு அதில் அழுத்தலாம், தாயின் இடுப்பெலும்பும் அழுத்தலாம். ஆயுதமே போடாத பிரசவத்திலும், சிசேரியன் செய்த பிள்ளைக்கும்கூட இது வருவது அதனால்தான். தாய் சாப்பிட்டதற்கும் நடந்ததற்கும் படுத்ததற்கும் இதில் எந்தப் பங்கும் இல்லை. மாமியார் முன்னால் இதை உரக்கவே சொல்லுங்கள்.

இரண்டாவது, மற்ற இடங்களைப் பார்த்தார்களா? இரண்டு கையும் ஒரேமாதிரி அசைகின்றனவா, காறை எலும்பு சரியா, காதின் வடிவம் இரண்டு பக்கமும் ஒன்றா, அண்ணம் முழுதாக இருக்கிறதா, இரண்டு கண்ணும் எல்லாப் பக்கமும் திரும்புகின்றனவா, இருதயச் சத்தம் எப்படி? இவையெல்லாம் சரியாக இருந்தால் நரம்பு நசிந்ததுதான் காரணம் என்ற நம்பிக்கை கூடும். காது சிறுத்தோ உருமாறியோ இருந்தால், அல்லது கண்கள் வெளிப்பக்கம் திரும்பாவிட்டால், நரம்பே சரியாக உருவாகாமல் இருக்கலாம். அதற்கான பாதை வேறு.

மூன்றாவது, காது கேட்கும் பரிசோதனை எப்போது? முகநரம்பும் கேட்கும் நரம்பும் எலும்புக்குள் பக்கத்துப் பக்கத்தில் போகின்றன.

நான்காவது, மஞ்சள் காமாலை. முகத்திலோ தலையிலோ கன்றிப்போன பிள்ளைக்குக் கட்டிய இரத்தம் கரையும்போது மஞ்சள் கூடலாம். எப்போது பார்க்க வேண்டும் என்று கேட்டு வாருங்கள்.

கடைசியாக, எந்தக் கண்மருந்து, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, அடுத்த கிளினிக் எந்தத் திகதி. இந்த மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.

4. கண்: வீட்டுக்கு வந்த முதல் மணித்தியாலத்திலிருந்து

இமை மூடாத கண்ணில் கண்ணீர் பரவாது, கருவிழி காயும், தூசி உரசும். பிறந்த பிள்ளை அதிக நேரம் தூங்கும். அந்த நேரம் முழுக்கக் கண் இடைவெளியோடு கிடக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

பொதுவாகப் பகலில் கண்ணீர் போன்ற சொட்டுமருந்தும், இரவில் பசைபோன்ற களிம்பும் தருவார்கள். சொட்டு விரைவில் வடிந்துவிடும், களிம்பு அதிக நேரம் நிற்கும். போடும் முறை:

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த பஞ்சால் கண்ணை மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே தடவை துடைத்து, அந்தப் பஞ்சை எறிந்துவிடுங்கள். ஒருவர் பிள்ளையின் தலையை மெதுவாகப் பிடிக்க, மற்றவர் கீழிமையை விரலால் இறக்கி, உள்ளே தெரியும் சிவந்த பள்ளத்தில் அரிசி மணியளவு களிம்பு விட வேண்டும். குழாயின் நுனி கண்ணிலோ இமையிலோ படக் கூடாது. பட்டால் கிருமி குழாய்க்குள் போய்விடும். பிறகு மேலிமையை விரலால் மெல்ல இறக்கிச் சில விநாடி மூடிப் பிடியுங்கள்.

எத்தனை தடவை என்பது வைத்தியர் சொன்ன கணக்கு. “இண்டைக்குக் கண் நல்லா இருக்கு மிஸ், அதுதான் விட்டிட்டன்” என்று தாய்மார் சொல்வார்கள். கண் நன்றாக இருப்பது மருந்து போட்டதால்தான். இமை முழுதாக மூடும் வரை, அல்லது வைத்தியர் நிறுத்தச் சொல்லும் வரை தொடர வேண்டும்.

கண்ணில் போடக் கூடாதவை: தாய்ப்பால், மை, பன்னீர், அப்பப்பாவுக்குக் கண் வெட்டிய பிறகு மிஞ்சிய சொட்டுமருந்து. பெரியவர்களின் கண்மருந்து சிலவற்றில் ஸ்டீரொய்ட் இருக்கும். புண்ணான கருவிழியில் அது போனால் கேடு பெருகும்.

பிளாஸ்டர் ஒட்டி இமையை மூடுவது நல்ல யோசனைபோலத் தெரியும். காட்டித் தராமல் நீங்களாகச் செய்யாதீர்கள். பிளாஸ்டருக்குக் கீழே இமை திறந்துகொண்டால் அந்தப் பிளாஸ்டரே கருவிழியை உரசும், வெளியே எதுவும் தெரியாது.

அறையையும் பாருங்கள். மின்விசிறிக் காற்று நேரே முகத்தில் படாமல் கட்டிலைத் திருப்புங்கள். சோளகம் வீசும் மாதங்களில் காற்று வரும் பக்கத்து யன்னலுக்குச் சீலை போடுங்கள், செம்மண் தூசி அப்படியே உள்ளே வரும். முழுக வார்த்த பிறகு சாம்பிராணி காட்டுவது நம் வழக்கம். கண் மூடாத பிள்ளைக்கு அந்தப் புகை நேரே கண்ணுக்குள் போகிறது, இமை மீளும் வரை அதை விட்டுவிடுங்கள். நாவூறு கழிப்பதற்கு நான் தடை சொல்ல மாட்டேன். செத்தல் மிளகாயை முற்றத்தில் தள்ளி எரியுங்கள், பிள்ளை உள்ளே இருக்கட்டும்.

கண் சிவந்தாலோ, பீழை தள்ளினாலோ, வெளிச்சத்தில் கண்ணை ஒதுக்கி அழுதாலோ, கருவிழியில் வெள்ளையாகவோ மங்கலாகவோ ஏதும் தெரிந்தாலோ அன்றைக்கே காட்டுங்கள்.

5. பால்: வழிவதைப் பார்த்துப் பயந்து போத்தலுக்குப் போகாதீர்கள்

பலவீனமான பக்கத்தில் உதடு இறுகாததால் பால் வழியும், சப்பும் சத்தம் கேட்கும். உடனே யாரோ ஒருவர் பால்மா பெட்டியோடு வருவார். பொறுங்கள். நாக்கையும் தொண்டையையும் அசைப்பவை வேறு நரம்புகள். அவை நன்றாக இருப்பதால் பெரும்பாலான பிள்ளைகள் தாய்ப்பாலே குடிப்பார்கள்.

பிள்ளையைச் சற்று நிமிர்த்திப் பிடியுங்கள், படுத்தபடி வேண்டாம். வாய் அகலத் திறந்த பிறகு முலைக்காம்போடு கருவட்டத்தின் பெரும்பகுதியும் உள்ளே போகும்படி கொடுங்கள். பிறகு மார்பைத் தாங்கும் கையின் பெருவிரலையும் சுட்டுவிரலையும் பிள்ளையின் இரண்டு கன்னத்திலும் மெல்ல வைத்து, மற்ற விரல்களால் மார்பைத் தாங்குங்கள், நாடி அந்த இரண்டு விரலுக்கும் இடையிலுள்ள வளைவில் இருக்கட்டும். தளர்ந்த கன்னத்துக்கு இது சுவர்போல நிற்கும், காற்றும் உள்ளே போகாது. அழுத்த வேண்டாம், தொட்டுப் பிடித்தால் போதும். முதல் நாளில் கை வலிக்கும். தலையணை வைத்து முழங்கையைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

கொடுத்து முடித்ததும் தளர்ந்த கன்னத்துக்குள் பால் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஏவறை எடுக்க வைத்து, கழுத்து மடிப்பில் வழிந்த பாலைத் துடையுங்கள். நம் வெயிலுக்கு அந்த மடிப்பு சீக்கிரம் புண்ணாகிவிடும்.

போதுமா என்பதை வழியும் பாலை வைத்து அளக்காதீர்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையோ அதற்கு மேலோ சிறுநீர் போக வேண்டும். முதல் நாட்களில் குறைந்த நிறை இரண்டு கிழமைக்குள் பிறந்த நிறைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் பாலைக் கறந்து கோப்பையால் கொடுப்பது பற்றி உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ வாட்டிலோ கேளுங்கள், அவர்கள் காட்டித் தருவார்கள்.

குடிக்கும்போது புரையேறி உதடு நீலமாவது, மூக்கால் பால் வருவது, விழுங்கவே கஷ்டப்படுவது ஆகியவை முகநரம்பால் மட்டும் வருபவை அல்ல. கொடுப்பதை நிறுத்தி வைத்தியரிடம் போங்கள்.

6. முகத்தில் கை வைக்காதீர்கள்

எண்ணெய் பூசிக் கன்னத்தை இழுத்துவிடுவது, மூக்கைப் பிடித்துவிடுவது, வாயைத் தள்ளி நேராக்குவது எல்லாம் அன்பால் செய்யப்படுபவைதான். நசிந்த நரம்பு தோலுக்குக் கிட்ட இருக்கிறது என்று மேலே சொன்னேன். அதை மேலும் அழுத்துவதால் மீள்வது விரைவாகாது. காயம் ஆறாத இடமென்றால் நோகவும் செய்யும். உடம்புக்கு எண்ணெய் பூசுவதானால் கழுத்துக்குக் கீழே நிறுத்துங்கள். முகத்தில் பூசும் எண்ணெய் கண்ணுக்குள் வடியும், அதைத் தடுக்க இமையும் மூடாது.

உரைமருந்து, பத்து மூலிகைச் சாறு, பெரியவர்களுக்கு முகவாதம் வந்தபோது தந்த ஸ்டீரொய்ட் குளிசை, விற்றமின் சொட்டு எதையும் வாயில் விடாதீர்கள். பெரியவர்களுக்குத் திடீரென்று வரும் முகவாதமும் இதுவும் ஒன்றல்ல. அங்கே வைத்தியர் குளிசை எழுதியிருக்கலாம். இங்கே நசிந்த நரம்பு ஆறுவதற்கு அதனால் பயன் என்று நிறுவப்படவில்லை.

தடுப்பூசியைத் தள்ளிப்போடவும் இது காரணமல்ல. இரண்டு மாத ஊசிக்கு உரிய நாளில் வாருங்கள்.

7. கிழமைக்கு ஒரு வீடியோ

தினமும் நூறு தடவை முகத்தைப் பார்க்கும் தாய்க்கு மாற்றம் தெரியாது. கிழமைக்கு ஒரு நாள், ஒரே இடம், ஒரே வெளிச்சம், அழும்போது இருபது விநாடி, தூங்கும்போது கண்ணின் படம் ஒன்று. கொப்பியில் திகதி போட்டு ஒரு வரி: தூங்கும்போது கண்ணில் எவ்வளவு வெள்ளை தெரிகிறது, நெற்றி சுருங்குகிறதா, வாய்க்கோடி அசைகிறதா.

இலேசாக அமுங்கிய நரம்பு சில நாட்களிலிருந்து சில கிழமைகளுக்குள் வேலைக்குத் திரும்பும். உள்ளிழைகள் சேதப்பட்டிருந்தால் அவை காதடியிலிருந்து மறுபடி வளர்ந்து வர வேண்டும். நரம்பிழை நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்தான் வளரும். வாய்க்கோடி வரை அதற்குச் சில மாதம் பிடிக்கும். அதனால் துடக்குக் கழிவுக்கு ஆட்கள் வரும் 31ஆம் நாளில் முகம் நேராகாதது கைவிட வேண்டிய அறிகுறி அல்ல. அன்று பிள்ளையைத் தூக்கிப் பார்க்கும் ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்வார்கள். தாய்க்குப் பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் இருந்து பதில் சொல்லட்டும், அவள் பிள்ளைக்குப் பால் கொடுக்கட்டும்.

சிறு அசைவு வந்ததும் கண்மருந்தை நிறுத்துவது இந்தக் கட்டத்தில் வரும் பிழை. வாய் அசையத் தொடங்கியும் இமை முழுதாக மூடாமல் இருக்கலாம். தூங்கும் கண்ணைப் பார்த்துத்தான் முடிவு.

8. மாற்றமே இல்லாவிட்டால்

முதல் சில கிழமைகளில் ஓர் அசைவும் வரவில்லையென்றால் அடுத்த கிளினிக்கில் வீடியோக்களை வரிசையாகக் காட்டுங்கள். நரம்பையும் தசையையும் மின்னோட்டத்தால் சோதிக்கும் பரிசோதனை, காதடி எலும்பையும் மூளையையும் பார்க்கும் ஸ்கான் பற்றி அப்போது பேசுவார்கள். நரம்பு நசிந்ததா, உருவாகவே இல்லையா என்பதைப் பிரித்தறிவதற்குத்தான் இவை. குழந்தை வைத்தியர், காது மூக்கு தொண்டை வைத்தியர், கண் வைத்தியர் மூவரும் பார்க்க வேண்டிவரும். ஒவ்வொருவரிடமும் அதே பையைக் கொண்டு போங்கள்.

இரண்டு பக்கமும் முகம் அசையாமல், கண்கள் வெளிப்பக்கம் திரும்பாமல் இருந்தால் அது மோபியஸ் என்ற பிறவி நிலையாக இருக்கலாம். அதில் நரம்பு மீளுமென்று காத்திருப்பதில் பயனில்லை. பால் குடிக்கவும், கண்ணைக் காக்கவும், பின்னர் பேச்சுக்கும் தொடர்ந்து உதவி வேண்டும்.

மீளாத முகத்துக்கு அறுவைச் சிகிச்சை இருக்கிறது. வேறிடத்துத் தசையையும் நரம்பையும் கொண்டுவந்து சிரிப்பு வரவைப்பார்கள். பிள்ளை ஓரளவு வளர்ந்த பிறகே அதைச் செய்வது வழக்கம். கைக்குழந்தைக்கு உடனே வெட்ட வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால் இன்னொரு வைத்தியரிடமும் கேளுங்கள். கண்ணுக்கு மட்டும் அந்தக் காத்திருப்புப் பொருந்தாது. இமை மூடாமலே இருக்கும் பிள்ளையைக் கண் கிளினிக்கில் விடாமல் காட்டிவர வேண்டும். ஒரு திகதி தவறினால் அடுத்த மாதம் வரை இருக்காமல் மறுநாளே போய்ப் புதுத் திகதி எடுங்கள்.